விதியா? விஷமா?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நாம் தொடுகின்ற, தின்கின்ற, உடுத்துகின்ற இரசாயனப் பொருள்களில் எவையெவை நம்முடைய பரம்பரை வித்தைக் கெடுக்கக் கூடியவை என்பதையும், அதை மனிதன் எப்படிச் சோதித்துக் கண்டுபிடிக்கிறான் என்பதையும் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இதைப் பேசுவதற்கு எனக்கு யாதொரு பட்டமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் இருந்த காலம் சொற்பம். வாசகசாலையில் உட்கார்ந்து படித்ததும், தெரிந்தவர்களிடம் வெட்கப்படாமல் கேட்டதுமே என்னுடைய கல்வி. ஆதலால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கேளுங்கள், உங்கள் புத்தியில் போட்டு நிறுத்துப் பாருங்கள், சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

இந்த விஷயம் நமக்கெதற்கு, இது டாக்டர்கள் பேச வேண்டியதல்லவா என்று சிலர் நினைக்கலாம். ஒரு வீட்டில் குறையுள்ள குழந்தை பிறக்கிறது. ஊரார் என்ன சொல்லுகிறார்கள்? கிரகணத்தன்று தாய் வெளியே வந்துவிட்டாள் என்கிறார்கள். சாயப் பட்டறையில் இருபது வருஷம் வேலை செய்தவனுக்குப் புற்று வருகிறது. அவன் தலையெழுத்து என்கிறார்கள். இப்படிச் சொல்லிவிட்டால் அதோடு விசாரணை முடிந்து போகிறது. பழி தாயின் பேரிலும் செத்தவன் பேரிலும் விழுகிறது. மற்றபடி எந்தச் சாமான் அவன் கையில் பட்டது, அதை விற்றவன் யார், அதைச் சோதித்தார்களா என்று கேட்பாரே இல்லை. விதி என்ற ஒரு வார்த்தை எத்தனை பேரை விசாரணையிலிருந்து தப்ப வைக்கிறது பாருங்கள்! அதனால்தான் இது நமக்கு வேண்டிய விஷயம் என்கிறேன்.

குளித்தால் போகிற விதி

1775-ம் வருஷத்தில் லண்டன் பட்டணத்தில் பெர்சிவல் பாட் என்ற ஒரு அறுவை வைத்தியர் இருந்தார். அக்காலத்தில் அங்கே வீடுகளின் புகைபோக்கிக்குள் ஏழைச் சிறுவர்களை ஏற்றிக் கரியைத் துடைக்கச் சொல்வார்கள். அந்தச் சிறுவர்கள் வளர்ந்து ஆளான பிறகு அவர்களில் பலருக்கு விதைப்பையின் தோலில் ஒருவிதப் புண் கண்டு, அது புற்றாகி, ஆளைக் கொன்றுவிடும். தோல் மடிப்பில் தங்கி ஊறும் புகைக்கரிதான் இதற்குக் காரணம் என்று பாட் எழுதினார். மூன்று வருஷம் கழித்து டென்மார்க் தேசத்துப் புகைபோக்கி துடைப்போர் சங்கம் தன் ஆட்களைத் தினந்தோறும் குளிக்கும்படி சொல்லிற்று. நூறு வருஷத்திற்குப் பின் ஒத்துப் பார்த்தபோது, உடம்பை மூடி உடுத்து, தினமும் கழுவிக்கொண்ட அய்ரோப்பியத் துடைப்பாளர்களுக்கு அந்த நோய் மிகவும் அபூர்வமாயிருந்தது. இங்கிலாந்துக்காரனுக்கு மட்டும் தாராளமாய் இருந்தது.

தோழர்களே! விதி குளித்தால் போகுமா? கரி குளித்தால் போகும். ஆகவே அவனைக் கொன்றது விதியா, கரியா என்று நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

1895-ல் ஜெர்மனியில் லூத்விக் ரேன் என்ற வைத்தியர், ஒரு சாயத் தொழிற்சாலையில் வேலை செய்த 45 பேரில் மூன்று பேருக்கு மூத்திரப்பையில் புற்று வந்திருப்பதைக் கண்டு, சாயச் சரக்கின்மேல் சந்தேகப்பட்டார். 1915-ல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்ற இருவர் முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காக விடாமல் பூசிப் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். முயலுக்கு முன்ஜென்ம பாவம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லாததால் தாரின் குற்றம் நிரூபணமாயிற்று.

அச்சுப் பிழை

நிற்க, வித்து என்று சொன்னேனே, அது என்ன? நம்முடைய உடம்பு கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வொரு அணுவுக்குள்ளும், அது எப்படி வளரவேண்டும், என்ன வேலை செய்யவேண்டும் என்ற விவரம் எழுதிய ஒரு நீண்ட இழை இருக்கிறது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். அந்த விவரமெல்லாம் நான்கே நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. தாயிடமிருந்து வருகிற ஒரு முழுப் பிரதியில் சுமார் 300 கோடி எழுத்து. தகப்பனிடமிருந்து அதேபோல் இன்னொரு பிரதி. அணு இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் இவ்வளவையும் நகல் எடுத்தாக வேண்டும்.

அச்சுக்கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். அச்சுக் கோப்பவர் ஒரு எழுத்தை மாற்றிக் கோத்தால் 'பால்' என்பது 'பாழ்' ஆகிவிடும். ஒரு எழுத்தை விட்டுவிட்டால் வரி முழுதும் குழம்பும். பக்கமே கிழிந்துபோனால் கதை நின்றுவிடும். டி.என்.ஏ.வுக்கு நேரக்கூடிய கெடுதிகளும் இந்த மூன்று ரகந்தான்: எழுத்து மாறுவது, எழுத்து கூடுவது அல்லது குறைவது, இழையே முறிவது. பிழை திருத்துகிறவர் அச்சுக்கூடத்தில் இருப்பதுபோல் அணுவுக்குள்ளும் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. பெரும்பாலான பிழைகளை அது சரிப்படுத்திவிடும். ஆனால் பிழை மிஞ்சினால், அல்லது திருத்தம் பிசகினால், அது நகலுக்கு நகல் தொடர்ந்து போகும்.

பிழை தோலிலோ ஈரலிலோ உள்ள அணுவில் விழுந்தால் அது அந்த ஆளோடு முடியும். சில இடங்களில் விழுந்த பிழைகள் சேர்ந்தால் அந்த அணு கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றாகும். ஆணின் விந்தணுவிலோ பெண்ணின் கருமுட்டையிலோ விழுந்தால் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அது போகக்கூடும். இப்படிப்பட்ட பிழையை உண்டாக்கும் சக்தி ஒரு வஸ்துவுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நாம் பேசுகிற சோதனை.

ஈயும் போர் விஷமும்

வித்தை வெளியிலிருந்து கெடுக்க முடியும் என்பதை முதலில் திட்டமாகக் காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த முல்லர். 1927-ல் அவர் பழ ஈக்களின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். அந்த ஈக்களின் சந்ததியில் விகாரங்கள் பன்மடங்கு பெருகின. அதற்காக 1946-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கதிரால் ஆவது மருந்துச் சரக்காலும் ஆகுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை கண்டவர் ஒரு பெண். சார்லட் ஆயர்பாக் என்று பெயர். ஜெர்மனியில் உபாத்தியாயராயிருந்தவர். யூதர் என்ற ஒரே காரணத்திற்காக 1933-ல் ஹிட்லர் ஆட்சியில் வேலை போயிற்று. இரத்தத்தில் உயர்வு தாழ்வு பேசிய அந்த ஆட்சியை விட்டுத் தப்பி, ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரம் வந்து சேர்ந்தார். வந்தவர் என்ன செய்தார் பாருங்கள்! முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் தோலையும் கண்ணையும் நுரையீரலையும் வேகவைத்த கடுகு வாயுவை எடுத்து, ராப்சன் என்பவருடன் சேர்ந்து, ஈக்களின் மேல் சோதித்தார். அந்த வேலையில் அவருடைய கைகளே வெந்து போயின. கடுகு வாயு எக்ஸ் கதிரைப் போலவே வித்தைக் கெடுக்கிறது என்று கண்டார். யுத்த காலமானதால் இது இரகசியமாக வைக்கப்பட்டு, 1946-ல்தான் வெளியே வந்தது. பிறப்பினால் தாழ்ந்தவள் என்று துரத்தப்பட்ட பெண்தான் பிறப்பின் இரகசியத்தில் ஒரு பெரிய கதவைத் திறந்தாள் என்பதைப் பிறப்பைப் பற்றி வீண்பெருமை பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அதே 1946-ல் மாஸ்கோவில் ராப்போபோர்ட் என்பவர் பார்மலின் சரக்குக்கும் இந்தக் குணம் உண்டென்று காட்டினார். இரண்டு வருஷம் கழித்து அந்தத் தேசத்தில் பரம்பரைச் சாஸ்திரமே பொய் என்று சர்க்கார் கட்டளை பிறந்தது. பலர் தலையாட்டினார்கள். ராப்போபோர்ட் சபையில் எழுந்து மறுத்துப் பேசினார். பிறகும் தாம் கண்டதை இல்லையென்று சொல்ல மறுத்தார். கட்சியும் போயிற்று, வேலையும் போயிற்று. பிறகு அந்தக் கட்டளை மண்ணாய்ப் போயிற்று. அவர் கண்ட உண்மை நிற்கிறது. வேதம் சொன்னாலும் சரி, சர்க்கார் சொன்னாலும் சரி, ஈ தன் குட்டியை யாருடைய கட்டளைக்கும் பயந்து பெறுவதில்லை.

இரண்டு நாள் பரீட்சை

ஆனால் ஈயையும் எலியையும் வளர்த்துச் சோதிப்பதென்றால் நாளாகும், பணமாகும். ஒரு சரக்கு எலிக்குப் புற்று உண்டாக்குகிறதா என்று பார்க்க வருஷக்கணக்கு வேண்டும். கடைக்கு வரும் சரக்குகளோ ஆயிரக்கணக்கு. இதற்கு ஒரு சுருக்கு வழி கண்டவர், 2024-ல் காலமான புரூஸ் ஏம்ஸ். கலிபோர்னியாவில் பெர்க்கலி சர்வகலாசாலையில் இருந்தவர். அவருடைய சோதனையை நான் கூடியவரை தெளிவாய்ச் சொல்லப் பார்க்கிறேன்.

சால்மோனெல்லா என்று ஒரு பாக்டீரியா. அது உயிர்வாழ ஹிஸ்டிடின் என்ற ஒரு சத்து வேண்டும். சாதாரணமாக அதை அதுவே செய்துகொள்ளும். ஏம்ஸ் எடுத்துக்கொண்ட ஜாதியில், அந்தச் சத்தைச் செய்யும் எழுத்தில் முன்னமே ஒரு பிழை இருக்கிறது. அதனால் அதற்கு வெளியிலிருந்து சத்தைப் போட்டால்தான் வளரும், போடாவிட்டால் பட்டினி. இந்தப் பட்டினிப் பாக்டீரியாவைக் கோடிக்கணக்கில் ஒரு தட்டில் பரப்பி, சந்தேகப்படும் சரக்கை அதில் சேர்க்கிறார்கள். சரக்குக்கு எழுத்தைக் கெடுக்கும் குணம் இல்லையானால் தட்டு ஏறக்குறைய வெறிச்சென்று இருக்கும். குணம் இருந்தால், கண்டபடி விழுகிற பிழைகளில் ஒன்றிரண்டு, பழைய பிழையின்மேலேயே விழுந்து அதைச் சரியாக்கிவிடும். அப்படிச் சரியானது பிழைத்துப் பெருகி, இரண்டு நாளில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக நிற்கும். புள்ளியை எண்ண வேண்டியதுதான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பக்கத்தில் சரக்குச் சேர்க்காத இன்னொரு தட்டும் வைக்கிறார்கள். ஏனென்றால் ஒன்றும் சேர்க்காமலே தானாகச் சில புள்ளிகள் வரும். அதைவிட இது எவ்வளவு அதிகம், சரக்கைக் கூட்டினால் புள்ளியும் கூடுகிறதா என்று பார்த்துத்தான் தீர்ப்பு. சாமிக்கு நேர்ந்துகொண்டேன், காய்ச்சல் நின்றது என்கிறவன், நேர்ந்துகொள்ளாதவனுக்கும் காய்ச்சல் நின்றதா என்று பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்துத் தட்டுதான் விஞ்ஞானத்துக்கும் வேண்டுதலுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது, சில சரக்குகள் வாயில் போகும்போது சாதுவாக இருந்து, ஈரலுக்குள் போய் மாறிய பிறகே விஷமாகின்றன. பாக்டீரியாவுக்கு ஈரல் ஏது? ஆதலால் எலியின் ஈரலை அரைத்தெடுத்த சாற்றையும் தட்டில் சேர்க்கிறார்கள். இந்தச் சேர்க்கையோடு கூடிய சோதனையை ஏம்ஸ் 1973-ல் வெளியிட்டார். இதற்கு அவர் தனி உரிமை எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. கேட்ட ஆராய்ச்சிக் கூடங்களுக்கெல்லாம் அந்தப் பாக்டீரியாவை இனாமாக அனுப்பிக் கொடுத்தார்.

தின்றவர்களே சோதனை எலிகள்

இந்தச் சோதனைகள் வராததற்கு முன் என்ன நடந்தது என்பதற்கு ஜப்பானே சாட்சி. அங்கே 1965 முதல் ஏ.எப்.2 என்ற ஒரு சரக்கை உணவு கெடாதிருக்கச் சேர்த்து வந்தார்கள். சோயா மொச்சைப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி அந்த ஜனங்களுக்கு அன்றாட ஆகாரம். அதிலும் மீன் பண்டங்களிலும் இது போயிற்று. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் தீங்கில்லை என்று சொல்லித்தான் அனுமதித்தார்கள். 1973-ம் வருஷ வாக்கில் ஜப்பானிய விஞ்ஞானிகளே இதைப் பாக்டீரியாவிலும், மனித இரத்த அணுவிலும் சோதித்தபோது, அது எழுத்தைக் கெடுப்பதில் மகா கெட்டிக்காரச் சரக்கு என்று தெரிந்தது. மறுபடி பிராணிகளுக்குக் கொடுத்து நன்றாகப் பார்த்ததில் புற்றும் கண்டது. 1974-ல் அதைத் தடுத்தார்கள். ஆனால் இடைப்பட்ட ஒன்பது வருஷம் குழந்தை முதல் கிழவர் வரை அத்தேச ஜனங்கள் அதைத் தின்றார்கள். இரண்டு நாள் பரீட்சையை முன்னால் செய்யாததன் கூலி அது.

இன்னொன்று கேளுங்கள். அமெரிக்காவில் குழந்தைகள் இராத்திரி உடுத்தும் உடையில் நெருப்புப் பற்றக்கூடாது என்று 1970-களின் தொடக்கத்தில் விதி வந்தது. நல்ல விதிதான். அதற்காக டிரிஸ் என்ற சரக்கைத் துணியில் ஏற்றினார்கள். கொஞ்சமல்ல, துணியின் எடையில் நூற்றுக்கு அய்ந்து முதல் பத்து பங்கு வரை. ஆர்லின் பிளம் என்ற பெண்மணியும் ஏம்சும் அதைச் சோதித்து, அது டி.என்.ஏ.வைக் கெடுப்பது என்று 1977 ஜனவரியில் வெளியிட்டார்கள். அவ்வருஷம் ஏப்ரலில் அமெரிக்க சர்க்கார் அதைத் தடுத்தது. அந்த உடையை உடுத்திய குழந்தையின் மூத்திரத்தில் அச்சரக்கின் சிதைவு காணப்பட்டதும் பின்னால் வெளியாயிற்று.

தடுத்தார்களே, மிச்சமிருந்த உடைகள் என்னாயின? அவற்றில் பல வெளிநாடுகளுக்குக் கப்பலேறின. 1978-ல்தான் அந்த ஏற்றுமதியையும் நிறுத்தினார்கள். தன் பிள்ளைக்கு ஆகாதென்று தள்ளியதை அயலான் பிள்ளைக்கு விற்பது என்ன நியாயம்? டி.என்.ஏ.வில் அமெரிக்கன், ஆப்பிரிக்கன், இந்தியன் என்ற பேதம் இருக்கிறதா? எல்லோருக்கும் அதே நான்கு எழுத்துதானே!

நம்முடைய நாட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு. பென்சிடின் முதலிய சரக்கிலிருந்து செய்கிற சில சாயங்கள், உடம்பில் சிதைந்து அந்தப் பழைய மூத்திரப்பைப் புற்று விஷத்தையே வெளியிடுகின்றன. இதற்காக ஜெர்மனி 1994-ல் அப்படிப்பட்ட சாயமேற்றிய துணிகளைத் தடுத்துச் சட்டம் செய்தது. இந்திய சர்க்காரும் 1990-களில் அத்தகைய சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. திருப்பூரிலும் கரூரிலும் அயல்நாட்டுக்குத் துணி அனுப்புகிறவர்கள் சாயத்தை மாற்ற வேண்டி வந்தது. நல்லதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தத் துணியை அங்கே உடுத்துகிறவனுக்குத் தோலில் உராய்வது கொஞ்சம். இங்கே தொட்டியில் முழங்கை வரை விட்டுக் கலக்குகிறவனுக்குப் படுவது எவ்வளவு? வாங்குகிறவன் கேட்டதற்குக் கிடைத்த பதில், வேலை செய்கிறவன் கேட்டிருந்தால் எத்தனை வருஷம் முன்னால் கிடைத்திருக்கும்? கேட்பதற்கு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

இயற்கை என்ற புது மூடநம்பிக்கை

இதைக் கேட்டுவிட்டு, 'ஆகா! இரசாயனம் எல்லாம் விஷம், இயற்கையாய்க் கிடைப்பதெல்லாம் அமிர்தம்' என்று நீங்கள் வீட்டுக்குப் போவீர்களானால் நான் பேசியது வீணாகிவிடும். உப்பும் இரசாயனந்தான், தண்ணீரும் இரசாயனந்தான். பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவன் பேய்க்குப் பயப்படுகிறவனுக்குத் தம்பி.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடுமென்று செத்தன. விசாரித்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் காரணம் இருந்தது. கடலையில் பிடித்த ஒரு பூஞ்சை உண்டாக்கிய விஷம்; அதற்கு அப்லடாக்சின் என்று பெயர். இதை எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை, இயற்கையே செய்தது. டி.என்.ஏ.வைக் கெடுப்பதில் இதற்கு மிஞ்சிய சரக்குகள் சிலவே. 1991-ல் சீனாவிலும் தென் ஆப்பிரிக்கப் பக்கத்திலும் ஈரல் புற்று வந்தவர்களின் அணுக்களை ஆராய்ந்தபோது, பலருக்கு ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை இருக்கக் கண்டார்கள். திருடன் கைரேகையை விட்டுப் போனதுபோல் அப்லடாக்சின் அங்கே தன் அடையாளத்தை விட்டிருந்தது. நம்மூரில் கடலை விளைவிக்கிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நன்றாய்க் காயவைக்காமல் ஈரத்தோடு மூட்டை கட்டுவதும், பூஞ்சை பிடித்ததைப் பிள்ளைக்கும் மாட்டுக்கும் போடுவதும் சிக்கனம் அல்ல. அதைக் கழித்துத் தள்ளுவதே சிக்கனம்.

பாக்கைப் பாருங்கள். வெற்றிலை பாக்கு இல்லாமல் நமக்குக் கலியாணம் இல்லை, கருமாதியும் இல்லை. மங்கலப் பொருள் என்று தட்டில் வைத்து நீட்டுகிறோம். 2003-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் கூடிய நிபுணர்கள், புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே மனிதனுக்குப் புற்று உண்டாக்குவது என்று தீர்மானித்தார்கள். பாக்கு மெல்லுகிறவர்களின் கன்னத்து உட்தோலைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அணுவுக்குள் பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் சிறு சிறு பொட்டுகள் கிடக்கின்றன. அவை முறிந்த இழைத் துண்டுகள். மங்கலம் என்ற பெயர் வைத்தால் இழை முறியாமல் நிற்குமா?

வால் நட்சத்திரம்

இந்தச் சிறு பொட்டுகளை எண்ணுவது இன்னொரு சோதனை. எலியின் எலும்பு மச்சையிலும் இதைச் செய்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று, 1980-களில் வந்தது. அணுவை ஒரு பாகில் பதித்து, மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். முழுதாயுள்ள டி.என்.ஏ. உருண்டையாக நிற்கும், முறிந்தது இழுபட்டு வாலாக நீளும். பார்வைக்கு வால் நட்சத்திரம் போலிருப்பதால் அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஆகாயத்தில் வால் நட்சத்திரம் கண்டால் ராஜாவுக்கு ஆகாது என்றார்கள் நம் ஜோசியர்கள். எந்த ராஜாவுக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. இந்த வால் நட்சத்திரம் தெரிந்தாலோ, அந்தச் சரக்கு யாருக்கும் ஆகாதோ என்று உடனே விசாரிக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் சர்வக்ஞம் உள்ளதல்ல. ஆரம்பத்தில், புற்று உண்டாக்கும் சரக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு ஏம்ஸ் தட்டில் அகப்பட்டன. 1987-ல் அமெரிக்காவில் வேறு 73 சரக்குகளை வைத்துப் பார்த்தபோது, புற்று உண்டாக்குபவற்றில் நூற்றுக்கு 45 மட்டுமே அகப்பட்டன. ஏனென்றால் டி.என்.ஏ.வைத் தொடாமலே வேறு வழியில் புற்று உண்டாக்கும் சரக்குகளும் இருக்கின்றன. தாலிடோமைடு என்ற மருந்து 1957 முதல் 1961 வரை கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, கை கால் குறைந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தன. அது வளரும் கருவைக் கெடுத்தது; எழுத்தைக் கெடுத்ததாக அல்ல. அதை இந்தத் தட்டில் தேடினால் கிடைக்காது. அதுபோலவே தட்டில் புள்ளி வந்த மாத்திரத்தில் மனிதனுக்குப் புற்று நிச்சயம் என்றும் சொல்லக்கூடாது. எவ்வளவு படுகிறது, எத்தனை நாள் படுகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். ஆகையால்தான் ஒரு சோதனையோடு நிற்காமல், பாக்டீரியா, வளர்ப்பு அணு, பிராணி என்று வரிசையாகச் சோதிக்கிறார்கள்; புது மருந்துக்கு இந்த வரிசைச் சோதனையைக் கேட்பது இன்று உலக வழக்கமாயிருக்கிறது.

'பார்த்தாயா, விஞ்ஞானத்துக்கும் தெரியவில்லையே' என்று சாஸ்திரிகள் சிரிக்கலாம். தொண்ணூறு என்று சொன்ன விஞ்ஞானமே நாற்பத்தைந்து என்று வந்ததையும் அச்சிட்டு வெளியிட்டது. தன் கணக்குத் தவறியது என்று எந்த ஜோசியனாவது எந்தப் பஞ்சாங்கத்திலாவது அச்சிட்டதுண்டா?

நாம் கேட்க வேண்டியது

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். வயலில் பூச்சிமருந்து அடிக்கிற தோழர்களே! டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவனைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். வெறுங்கையால் கலக்காதீர்கள், காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள், வேலை முடிந்ததும் சட்டையைத் தனியே துவைத்து, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள், இந்தச் சரக்கு என்ன, சோதித்திருக்கிறதா, கையுறை எங்கே என்று முதலாளியைக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும் என்று பயமிருக்கலாம், சங்கமாகக் கேளுங்கள். டென்மார்க்கில் 1778-லேயே புகைபோக்கி துடைக்கிறவனுக்குச் சங்கம் இருந்தது. அந்தச் சங்கம்தான் அவனைக் குளிக்கச் சொல்லிற்று.

தாய்மார்களே! குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பல குறைகள், அச்சுப் பிழை தானாக விழுவதுபோல் யார் குற்றமும் இல்லாமல் விழுகின்றன. எல்லாவற்றையும் சரக்கின்மேல் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிரகணத்தைச் சொல்லி உங்களைப் பழிப்பவனிடம், 'எத்தனை கர்ப்பிணிகள் வெளியே வந்தார்கள், எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள், இரண்டு கூட்டத்திலும் எத்தனை குழந்தைக்குக் குறை வந்தது, கணக்கு எங்கே?' என்று கேளுங்கள். பக்கத்துத் தட்டு எங்கே என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவன் வாய் அடைத்துப் போகும்.

விதி என்பவன் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுகிறான். காரணம் தேடுகிறவன் கையைக் கழுவிக்கொள்ளச் சொல்லுகிறான். இரண்டில் எது உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது என்று நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.